பள்ளிப்படையும் தண்ணீர்ப் பந்தலும்

இறந்து போனவர்களுக்கு, இருக்கின்ற நாம் செலுத்த வேண்டிய கடன் யாது? குளிப்பாட்டிக் கபனிட்டு, தொழுகை நடத்தி, மண்ணில் வைப்பதோடு அக்கடன் தீர்ந்துவிடுகிறதா? தீரவில்லையெனில் எஞ்சியதை எப்பொருளால் செலுத்துவது? முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் சட்ட நூல்களைக் கற்பித்து வரும் எனக்கு, இவ்வினாவின் விடை கையெட்டும் தூரத்தில் இருப்பதாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். என் அண்ணன் கூறிய ஒரு சொல் அவ்வெண்ணத்தைக் கலைத்துவிட்டது.

எங்கள் அன்னையார் சென்ற ஆண்டு வஃபாத்தானார்கள். உத்திரமேரூரில் சந்தைக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. தெருத் திண்ணையில் ஒரு மண்பானையும் குவளையும் எப்போதும் இருக்கும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வெயிலில் நடந்து வருவோர் யாராயினும் அமர்ந்து, குடித்து, இளைப்பாறிச் செல்வர். பானையில் நீர் குறைந்துவிட்டால் அம்மாவுக்கு உறக்கம் வராது.

அண்ணன் பிழைப்பை நாடிக் கடல் கடந்து சென்றவர். இருபத்தெட்டு ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் உழைத்து, எங்கள் குடும்பத்தைத் தாங்கியவர். செய்தி அறிந்து அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மையித்தைக் காத்திருக்கச் செய்யாமல் விரைந்து அடக்குதலே முறை என்று முடிவு செய்தவன் நான்தான். அவர் அம்மாவின் முகத்தைக் காணவில்லை.

நாற்பதாம் நாள் கழிந்தபின், அம்மாவின் கபரின் மீது வெண்சலவைக் கல்லால் மேடை அமைத்து, நான்கு புறமும் தூண் நிறுத்த வேண்டும் என்றார் அண்ணன். பணம் அனைத்தும் தாமே தருவதாகவும் சொன்னார். நான் ஹதீஸை எடுத்துரைத்தேன். கபருகளைக் காரை பூசுவதையும் அவற்றின் மீது கட்டடம் எழுப்புவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "தம்பி, நீ சட்டம் சொல்லிவிட்டாய். நான் அம்மாவுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லையே!" என்றார்.

அவர் கண்கள் கலங்கியிருந்தன. கூடாது என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. கூடுவது எது என்பதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம்மூர்க் கல்

கல்லுக்கு வாழ்வளித்த ஊர் எங்கள் ஊர். வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை அறியாதார் இலர். குடவோலை முறையில் ஊராளும் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்கு உட்பட்டவராதல் வேண்டும். இறை செலுத்தும் நிலம் உடையவராதல் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர். சம்வற்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. அந்த ஏரி, பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம்.

இதே பராந்தகன் மற்றொரு கற்பணியும் செய்தான். அவன் தந்தை முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூரில் இறந்தான். இன்று ஆந்திர மாநிலத்தில் திருக்காளத்திக்கு அருகில் உள்ள ஊர் அது. அங்கே தந்தையின் உடல் அடங்கிய இடத்தில் பராந்தகன் ஒரு கற்றளி எழுப்பினான். ஒரே மன்னன் காலத்து இரு கற்கள்: ஒன்று மறைந்த தந்தைக்காக எழுந்தது, மற்றொன்று ஊரார் தம்முள் நேர்மையாய் நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. எங்கள் ஊர்ச் சுவரைக் காண நாடெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். தந்தையின் நினைவாக எழுந்த கோயிலை எண்ணிச் செல்வோர் மிகச் சிலரே.

பள்ளி என்னும் சொல்

அரசர்தம் கல்லறைகளுக்குத் தமிழில் வழங்கிய பெயர் 'பள்ளிப்படை' என்பதாம். அடக்கம் செய்த இடத்தின் மேல் சிவலிங்கம் நிறுவிக் கோயில் எழுப்புதல் சோழர் வழக்கம். முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் எழுப்பிய கோயிலும், முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்குப் பட்டீச்சரத்தின் அருகே எழுப்பிய கோயிலும் இத்தகையன. புறத்தே நின்று பார்ப்பவருக்கு இவை ஏனைய சிவன் கோயில்களைப் போன்றே தோன்றும். காரையின்றி ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிய வைத்த கற்கள். வரிவரியாய் எழுத்துச் சுமந்த அடித்தளம். மாடக்குழிகள் அமைந்த சுவர். மேலே சிறு விமானம். இது கல்லறை என்று உரைப்பது கட்டடத்தின் வடிவமன்று, அதன் மீது எழுதப்பட்ட எழுத்தே.

'பள்ளி' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நாம் தொழுமிடத்தைப் பள்ளி என்கிறோம். பிள்ளைகள் கற்குமிடமும் பள்ளி. மன்னன் மண்ணில் கிடக்குமிடமும் பள்ளி. படுத்து உறங்குமிடம் என்பதும் அதன் பொருள்களுள் ஒன்று. ஆகவேதான் அரசர் இறந்தார் என்று கூறாமல் 'துஞ்சினார்' என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. இராசராசனின் தந்தை சுந்தர சோழன் காஞ்சியின் பொன்மாளிகையில் உயிர் நீத்தான். 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்றே பின்னர் அழைக்கப்பட்டான்.

மறுமை நாளில் எழுப்பப்படுவோர், தங்களைத் தூங்குமிடத்திலிருந்து எழுப்பியவர் யார் எனத் திகைத்துக் கேட்பர் என்று திருக்குர்ஆனின் யாஸீன் அத்தியாயம் அறிவிக்கிறது. அங்கே வரும் 'மர்க்கத்' என்னும் அரபுச் சொல்லுக்கு உறங்குமிடம் என்பது பொருள். அதனை ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்க்கும்படி என் மாணவர் கேட்டால், பள்ளி என்றே பெயர்ப்பேன். உறங்குவோர் எழுவர் என்னும் நம்பிக்கை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எழப்போகிறவனுக்கு மாளிகை எதற்கு?

இதைக் கொண்டு பிற சமயத்து அரசர்களை மட்டும் குறை கூறலாகாது. நம்மவர் எழுப்பிய கல்லறைகள் எவர்க்கும் குறைந்தனவல்ல. 1656இல் மறைந்த முகம்மது ஆதில்ஷாவுக்காகப் பீஜப்பூரில் நிற்கும் கோல் கும்பஸின் குவிமாடம் சுமார் 44 மீட்டர் விட்டம் உடையது. 1631இல் மறைந்த மும்தாஜுக்காக எழுந்த ஆக்ராவின் சலவைக்கல் மாளிகையை உலகமே அறியும். 1707இல் மறைந்த ஔரங்கசீபோ வானமே கூரையாகக் குல்தாபாத்தில் எளிய மண்ணில் அடங்கினார். பின்வந்தோர் அதைச் சுற்றியும் சலவைக்கல் தடுப்பு எழுப்பிவிட்டனர். இறந்தவர் வேண்டாம் என்று விட்ட கல்லையும் இருப்பவர் விடுவதில்லை. ஆகவே கல்லறையின் கல், இறந்தவரைவிட இருப்பவரின் தேவையையே மிகுதியாகக் காட்டுகிறது.

ஜியாரத்தின் முறை

அரசர் கல்லறைகளைச் சென்று காணுதல் தகுமா என்று சிலர் ஐயுறுவர். முதலில் கபருகளைச் சென்று காண்பதைத் தடுத்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பின்னர் அனுமதி அளித்தார்கள். அது மறுமையை நினைவூட்டும் என்று காரணமும் கூறினார்கள். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் கண்டறியுமாறு திருமறை பலவிடங்களில் பணிக்கிறது.

'ஜியாரத்' என்னும் சொல்லின் அரபு வேரிலிருந்தே 'ஸூர்' என்ற சொல்லும் பிறந்தது. ஸூர் என்றால் பொய். சாய்தல் என்னும் கருத்து அவ்வேரில் உண்டு. ஒருவரை நோக்கிச் சாய்ந்தால் அது ஜியாரத்து. உண்மையிலிருந்து சாய்ந்தால் அது பொய். கல்லறைக்குச் செல்பவன் எப்பக்கம் சாய்கிறான் என்பதே கேள்வி.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, தபூக் படையெடுப்பின்போது அண்ணலார் (ஸல்) ஹிஜ்ர் என்னுமிடத்தைக் கடந்தார்கள். ஸமூது கூட்டத்தார் மலைகளைக் குடைந்து வாழ்ந்த இடமாக நம் மரபு அதனை அறியும். இன்று அங்கே நபாத்தியர் காலத்தில் பாறையில் செதுக்கிய கல்லறை முகப்புகள் நிற்கின்றன; 2008இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. அழுதவர்களாகவன்றி அங்கே நுழையலாகாது என்று அண்ணலார் தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். அவ்வூர்க் கிணற்று நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்கு இட்டுவிடச் சொன்னார்கள்; ஸாலிஹ் நபியின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றிலிருந்து மட்டும் நீர் எடுக்கச் சொன்னார்கள். மலையைக் குடைந்தவர்களின் கைத்திறன் வியப்புக்குரியதுதான். ஆயினும் அந்த ஊரில் தோழர்கள் பயன் கொள்ளத் தக்கதாய் எஞ்சியிருந்தது ஒரு வாயில்லா உயிர் தாகம் தீர்த்துக்கொண்ட கிணறு ஒன்றே.

பிரமதேசத்தில்

அண்ணனின் கேள்வி என்னைத் துளைத்துக்கொண்டிருந்த நாளில், ஒரு கல்வெட்டுச் செய்தி நினைவுக்கு வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு வட்டாரத்துப் பிரமதேசம் என்னும் சிற்றூரில் சந்திரமௌலீசுவரர் கோயில் உள்ளது. கங்கை வரை படை செலுத்தியவனும், 1025இல் கடல் கடந்து கடாரம் வென்றவனுமாகிய முதலாம் இராசேந்திர சோழனின் மரணத்தோடு தொடர்புடைய ஊர் அது. அவன் 1044இல் மறைந்தான். அண்ணனை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் சென்று, பேருந்து மாறி அவ்வூரை அடைந்தேன். காவலரிடம் கேட்டுக்கொண்டு, வெளிச்சுற்றில் நின்று சுவர்களைப் பார்த்தோம். கங்கை கொண்டவனுக்குரிய பெருங்கல்லறை ஏதும் எங்கள் கண்ணில் படவில்லை. வயல்களுக்கு நடுவே அமைதியாக ஒரு பழங்கோயில், அவ்வளவே.

அண்ணனுக்குக் கல்வெட்டின் செய்தியைச் சொன்னேன். இராசேந்திரனின் தேவியருள் ஒருத்தி வீரமாதேவி. கணவன் உடல் சென்ற இடத்துக்கே அவளும் சென்று உயிர் நீத்தாள். அவளுடைய உடன்பிறந்தான் சேனாபதி மதுராந்தகன் என்னும் பரகேசரி வேளான். அவன், தன் சகோதரியின் தாகம் தணிவதற்காக இவ்வூரில் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, அதற்கான அறக்கொடையைக் கல்லில் எழுதுவித்தான்.

அவள் மனம் உவந்து சென்றாளா, மரபு அவளைச் செலுத்தியதா? அதைக் கல் சொல்லவில்லை. உயிரைப் படைத்தவனன்றி அதை எடுக்க உரிமையுடையார் எவருமில்லை என்று நம்புகிறவன் நான். அம்மரபை என்னால் ஏற்க இயலாது. எனினும் அந்தச் சகோதரனை எண்ணிப் பார்த்தேன். படைகளை நடத்திய சேனாபதி. தன் உடன்பிறந்தாளை இருத்திக்கொள்ள அவனால் இயலவில்லை. அவள் போனபின் அவன் நெஞ்சில் நின்றது அவள் பட்டிருக்கக்கூடிய தாகம். வழிப்போக்கரின் வாயில் நீர் வார்த்தால் அது அவளைச் சென்று சேரும் என்று நம்பினான். சமயத்தால் நமக்கு அயலவன். ஆனால் அந்தத் துயரம் நம் வீட்டுத் துயரம்.

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். "அந்தத் தண்ணீர்ப் பந்தல் எங்கே, தம்பி?" என்றார்.

"இப்போது இல்லை, அண்ணே."

"தண்ணீர் போய்விட்டது, கல் நிற்கிறது. கல் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் பெயர் உனக்கே தெரிந்திருக்காது. பிறகு எனக்குக் கல் வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறாய்?"

நான் வாயடைத்து நின்றேன். அவர் மதரஸாவில் ஓதாதவர். ஆயினும் வாதத்தின் கண்ணியை அறுத்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் அதையே சிந்தித்தேன்.

ஸஅத் அவர்களின் கிணறு

அன்றிரவு, ஆண்டுதோறும் நான் கற்பிக்கும் ஹதீஸ் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மதீனத்துத் தோழர் ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களின் தாயார் மறைந்தபோது, தாம் தர்மம் செய்தால் அது தாயாருக்குப் பயன் தருமா என அவர்கள் வினவ, ஆம் என்று அண்ணலார் விடையளித்தார்கள். எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்டதற்குத் தண்ணீர் என்று விடை வந்ததாகவும், ஸஅத் அவர்கள் தாயின் பெயரால் கிணறு தோண்டியதாகவும் மற்றோர் அறிவிப்பு கூறுகிறது. மறைந்தவர்க்காகச் செய்யும் தர்மம் செல்லும் என்பதற்கு ஆதாரமாக இதனை எத்தனையோ மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன். ஆயினும் அதில் உள்ள ஒரு சொல்லை நான் நின்று படித்ததே இல்லை. தாயார் மறைந்தபோது ஸஅத் அவர்கள் 'காயிப்' ஆக, அதாவது உடனில்லாதவராக இருந்தார்கள் என்று புகாரியின் அறிவிப்பு தெளிவாகக் கூறுகிறது!

சட்டத்தைக் கண்ட என் கண், அம்மகனின் துயரத்தைக் காணவில்லை. தாயின் இறுதி வேளையில் அருகில்லாத மகன் ஒருவர், இனி நான் என்ன செய்வது என்று கேட்டு நின்றார்கள். அது என் அண்ணனின் கேள்வியே அல்லவா? அவருக்கு நபியவர்கள் கூடாது என்ற சொல்லைத் தரவில்லை. செய்யத் தக்க ஒன்றைத் தந்தார்கள். நான் முதற்பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டவன்.

மறுநாள் அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டி, "அன்று உங்களுக்காகக் காத்திருக்காமல் அடக்கியது முறைதான். ஆனால் உங்கள் மனத்தை ஒரு நொடியும் எண்ணாமல் இருந்தது என் குற்றம்" என்றேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

பிறகு, அவர் பிரமதேசத்தில் கேட்டதற்கு எனக்குத் தோன்றிய விடையைக் கூறினேன். கல்லை ஒருமுறை நட்டுவிட்டால் போதும், அது நிற்கும். தண்ணீரை நாள்தோறும் யாரேனும் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். கை நின்றால் தண்ணீர் நிற்கும். தண்ணீரின் குறை என்று நமக்குத் தோன்றும் அதுவே அதன் சிறப்பு. சலவைக் கல் பதித்து முடிந்த அன்று, கடன் தீர்ந்தது என்று மனம் ஓய்ந்துவிடும். தண்ணீரோ ஓயவிடாது, ஒவ்வொரு காலையும் அம்மாவை நினைக்கச் செய்யும். இராசேந்திரனே தன் வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரத்தில் பேரேரி ஒன்றை அமைத்தான். நீராலாகிய வெற்றித்தூண் என்று அதனைச் செப்பேடு சிறப்பிக்கிறது.

அப்படியாயின் கல்லுக்கு வேலையே இல்லையா? உண்டு. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் கபரின் தலைமாட்டில் அண்ணலார் தம் கையாலேயே ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள்; அடையாளம் தெரிவதற்காக. பிரமதேசத்துக் கல்லும் ஓர் அறத்துக்குச் சாட்சியாய் நிற்பதால்தான் நம்மை அழைக்கிறது. அடையாளத்துக்கும் சாட்சிக்கும் கல் தகும். அதற்கு மேல் எழும் கல், பெரும்பாலும் நம் துயரத்தின் மீது நாமே ஏற்றும் பாரம்.

"பேரப் பிள்ளைகள் வந்தால் எந்தக் கபர் என்று தெரிய வேண்டாமா? பெயரையாவது எழுதலாமா?" என்று அண்ணன் கேட்டார். எழுதுவதை வெறுத்துரைத்த ஹதீஸ் உண்டு. எனினும் அடையாளம் அழியாதிருக்கத் தேவைப்படின் எழுதுதல் தவறன்று எனக் கருதிய ஹனஃபி நூலோரும் உளர். முன்பாயின் முதற்பகுதியைச் சொல்லி முடித்திருப்பேன். இம்முறை இரண்டையும் சொன்னேன். மெருகேற்றாத கருங்கல் ஒன்று மீஸானாக நடப்பட்டது. அதில் அம்மாவின் பெயர் மட்டும் உள்ளது.

தெருத் திண்ணையை அண்ணன் பழுது பார்த்தார். அம்மாவின் பானை விரிசல் கண்டிருந்ததால் புதுப்பானை வாங்கி, மணல் பரப்பி அதன்மேல் வைத்தார். ஆள் வைத்து நிரப்பச் சொல்லலாமே என்று யாரோ கூறியபோது மறுத்துவிட்டார். பஜ்ருத் தொழுகை முடிந்து வந்ததும் அறுபது கடந்த அக்கைகளே குடம் சுமக்கின்றன. சந்தை நாளில் இருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது. வந்து குடிப்போர்க்கு இது யார் பெயரால் வைக்கப்பட்டது என்பது தெரியாது. தெரிய வேண்டியவன் அறிவான்.

எங்கள் தாயாருக்கும், நம்மை முந்திச் சென்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் அவர்தம் பள்ளிகளை ஒளியுடையனவாய் ஆக்குவானாக! உடனிருக்க இயலாமற்போன மக்கள் செய்யும் அறங்களை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.